அம்புக்குப் போன நிலைக்கால்

அம்புக்கு முதிரை மரத்தில் கால் வைக்கும் தொழிலில் உடையக்கூடியது அம்பு மட்டுமல்ல என்பதை, அதில் இறங்கிய பிறகுதான் அறிந்தேன்.

நான் கல்முனைப் பக்கத்து ஓடாவி. கதவு, கட்டில், மண்வெட்டிப் பிடி எல்லாம் செய்வேன். சுனாமி என் பட்டறையையும் மனைவியின் சீதன வீட்டையும் ஒரே காலையில் கொண்டுபோனது. மிஞ்சியது அந்த வீட்டு வாசலின் ஏழடி முதிரை நிலை மட்டும். இரண்டு கால்களும் மேற்சட்டமும் அப்படியே இருந்தன. புது வீடு கிடைத்ததும் அதைத்தான் வைக்க வேண்டும் என்பது மாமியின் உத்தரவு. மனைவி வீட்டில் குடியிருக்கும் மாப்பிள்ளைமாரே, உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நிலைக்கு ஏதும் ஆனால் உம்மா வீட்டுக்குப் பாயைச் சுருட்ட வேண்டியதுதான்.

மாமி பழைய வழக்கப்படி என்னோடு நேரே கதைப்பதில்லை. கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்வார், எனக்குக் கேட்கும். தற்காலிகக் கொட்டிலில் கதவு இல்லாததால் சேலைத் திரைக்குப் பின்னால் நின்று சொன்னார். இன்னும் நன்றாகக் கேட்டது.

கை படும் பக்கம்

ஜெமீல் சேர் நிந்தவூரில் உடற்பயிற்சி ஆசிரியர். நிவாரண வேலைக்கு வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது தன் வில்லை அவரிடம் விட்டுப் போயிருந்தார். அம்பு விடுவது நபி வழியில் வந்த சுன்னத்தான விளையாட்டு என்று பள்ளிவாசலிலும் நல்ல ஆதரவு. நிவாரணப் பெட்டிகளின் பைன் பலகையில் இரண்டு டசின் தண்டு சீவித் தரும்படி கேட்டார். ஒரு பக்கத்தில் மட்டும் வைரம் பாய்ந்த மரத்தால் கால் வைத்து ஒட்டினால் அம்பு நீடிக்கும் என்று ஒரு படமும் காட்டினார். பைன் தண்டின் நுனியை ஆப்பு போலச் சீவி, நடுவே மரம் அறுக்கும் வாளால் பிளந்த முதிரைத் துண்டுக்குள் செருக வேண்டும். பசை பூசி, சைக்கிள் டியூப்பால் இறுக்கிக் கட்டி, காய்ந்தபின் உருட்டிச் சீவ வேண்டும். படத்தில் இருந்த தண்டுக்கு இறகும் இல்லை, கூரும் இல்லை. எந்தப் பக்கம் என்று கேட்க என் ஓடாவிக் கௌரவம் விடவில்லை.

முதிரை வாங்கி ஏற்றிவரப் பெர்மிட் எடுப்பதைவிட மரம் நட்டு வளர்ப்பது கெதியில் முடியும். ஆகவே நிலையின் ஒரு காலில் ஒரு சாண் அறுத்தேன். மண்வெட்டியானாலும் துடுப்பானாலும் என் அனுபவத்தில் கை படும் இடம்தான் முதலில் பழுதாகும். எனவே விரல் பிடிக்கும் பக்கத்தில், அதாவது இறகு ஒட்டும் பக்கத்தில், முதிரையை அழகாகப் பொருத்திக் கொடுத்தேன். மறுநாள் சேர் சைக்கிளில் வந்து இறங்கினார். கோபம் இல்லை, யோசனைதான் இருந்தது.

"ஓடாவியார், உங்கட அம்பு போகுது. ஆனா அனுப்பின ஆளைத் திரும்பித் திரும்பிப் பாத்துத்தான் போகுது."

மற்றக் கால்

பாரம் பின்னால் இருந்ததுதான் பிழை. முன்பக்கத்தில் வைத்துத் திரும்பச் செய்ய மற்றக் காலிலும் ஒரு சாண் அறுத்தேன். ஒரு கால் குட்டையாக நிற்கும் நிலையைவிட இரண்டும் குட்டையான நிலை பார்வைக்கு நல்லது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இந்த முறை அம்பு நேரே போனது. வைக்கோல் கட்டைத் தவறவிட்டு மதிலில் மோதியும் உடையவில்லை. செய்தி பரவி, வேறு பள்ளிக்கூடங்களும் கேட்டன. மறுபடி ஒரு சாண். மறுபடி சமன் செய்தேன்.

கொட்டிலுக்குப் பின்னால் சாத்தியிருந்த நிலையை மனைவி ஒருநாள் கண்டுவிட்டாள். அடிப்பக்கம் உப்புத் தண்ணீரில் உக்கிப் போய்விட்டது என்றேன். அவள் குனிந்து வெட்டு வாயைத் தடவிப் பார்த்தாள்.

"உப்புத் தண்ணி வாள் புடிச்சு அறுக்கிறத நான் இப்பதான் பாக்கிறன்."

அவள் தாயிடம் சொல்லவில்லை. அதுவே எனக்குக் கூடுதல் பயமாக இருந்தது.

சோதனைச் சாவடி

யுத்தம் முடிந்த கிழமை, முப்பது அம்புகளைச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டி அட்டாளைச்சேனைக்குப் போனேன். வழியில் சாவடி. சாக்கை அவிழ்க்கச் சொன்னார்கள். முன்னால் நின்ற சிப்பாயின் தமிழ் பாதி, என்னுடைய சிங்களம் பாதி. இரண்டும் சேர்ந்தும் ஒரு அம்பு ஆகவில்லை. விளக்குவதற்காக வில் இழுப்பதுபோல் கையை வைத்து அவரையே குறி பார்த்துக் காட்டினேன். சோதனைச் சாவடியில் செய்யக்கூடாத காரியங்களில் அது முதலாவது. பின்னால் நின்ற இருவர் துவக்கைத் தூக்கினார்கள். முன்னால் நின்றவர் மட்டும் ஒரு அம்பை எடுத்து, பைனும் முதிரையும் சேரும் இடத்தை விரலால் தேடினார். அகப்படவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு, அண்ணனை அழைப்பதுபோல் என்னை 'நானா' என்று அழைத்துத் திருப்பித் தந்தார்.

"நானா, யுத்தம் முடிஞ்சுதானே. இப்பயா அம்பு செய்யிற?"

குடிபுகல்

வீடு கிடைத்தது. மேசன் நிலையை நிறுத்தி அளந்தார், ஐந்தரை அடி. ஆட்டுக்கா வீடு என்று கேட்டார். நான் பாய் எங்கே இருக்கிறது என்று மட்டும் மனதுக்குள் தேடினேன். மாமி வந்து நிலையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அப்படியே வைக்கும்படி மேசனுக்குச் சைகை காட்டினார். மேலே ஒன்றரை அடிக்குக் கல் வைத்துக் கட்டினார்கள்.

துஆ ஓதிப் பிரார்த்தித்த அன்று ஜெமீல் சேர் முதலில் நுழைந்து நெற்றியை மோதிக்கொண்டார். முதிரைக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்து நான் குனிந்து நுழைந்தேன். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் முதன்முறையாக மாமி என்னை நேரே பார்த்துக் கதைத்தார்.

"மருமகன், இந்த ஊட்டுக்குள்ள எப்புடி வரணுமெண்டு இனி நான் சொல்லத் தேவல்ல. நிலை சொல்லும்."

அம்புக்கு முன்பக்கம் வைரமாக இருக்க வேண்டும் என்பது சரிதான். அதைச் செய்கிற ஓடாவிக்கு நெற்றியும் வைரமாக இருந்தால் இன்னும் நல்லது.