பெட்டிக்கு வெளியே ஒரு மஞ்சள் துப்பட்டா

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஏப்ரல் மாதத்து முற்பகல் ஒன்றில், பெங்களூரு பீனியாவில் நடந்தது இது. அங்கே ஓர் ஊதுபத்தி கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பார்த்துக்கொள்கிறேன் என்பதுகூட அடக்கமாகச் சொல்வதுதான். நான் தலையாட்டாமல் அங்கிருந்து ஒரு குச்சிகூடக் கப்பல் ஏறாது.

முன்பெல்லாம் எங்கள் சரக்கு மற்றவர்கள் சரக்கோடு சேர்ந்து ஒரே கன்டெய்னரில் போகும், ஷேர் ஆட்டோவில் போவது மாதிரி. ஆர்டர் பெருகியதும் முழுக் கன்டெய்னராகவே எடுக்க ஆரம்பித்தோம். காலிப் பெட்டி நம் வாசலுக்கே வந்து நிற்கும். நாமே அடுக்கி, நாமே சீல் வைத்து அனுப்பலாம். யாருடைய மிளகாய் மூட்டையும் பக்கத்தில் வந்து உட்காராது. ஆனால் பெட்டி சரியில்லை என்றால் மொத்தச் சரக்கும் போச்சு. ஒருமுறை கூரையில் இருந்த ஊசித் துளை வழியாக மழைத் தண்ணீர் இறங்கி, அக்கரையில் கதவைத் திறந்தபோது சந்தன வாசனைக்குப் பதில் பூஞ்சை நாற்றம் அடித்தது. அன்றிலிருந்து பெட்டியைச் சோதிக்கிற வேலையை வேறு யாரிடமும் விடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

சோதனை ரொம்ப எளிது. காலிப் பெட்டிக்குள் ஏறி, கதவை வெளியிலிருந்து சாத்தச் சொல்லிவிட்டு, கும்மிருட்டில் நின்று சுற்றிலும் பார்க்க வேண்டும். எங்காவது வெளிச்சம் பொட்டு வைத்தது போலத் தெரிந்தால் அங்கே ஓட்டை. நடுவில் போன் மினுக்கினால் இருட்டுக்குப் பழகிய கண் கெட்டுவிடும் என்று, போனை ஆபீஸ் மேஜையில் வைத்துவிட்டுப் போவது என் வழக்கம். இது நானே கண்டுபிடித்த யுக்தி என்று நாலு பேரிடம் பீற்றிக்கொண்டதும் உண்டு.

அன்று வந்த பெட்டியைப் பார்த்ததுமே எனக்குப் பிடிக்கவில்லை. உடம்பெல்லாம் துரு, அங்கங்கே ஒட்டுப் போட்ட தகடு. டிரெய்லரை ஓட்டி வந்தவர் நாமக்கல் பக்கத்துக்காரர், அமைதியான மனிதர். அவர் கீழே இறங்குவதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன்.

"என்னங்க பெட்டி இது? காயலான் கடையிலேர்ந்து நேரா எடுத்துட்டு வந்தீங்களா?"

"யார்டுல குடுத்ததைத்தானுங்க மேடம் கொண்டாந்தேன். வேண்டாம்னா சொல்லுங்க, திருப்பிக் கொண்டுபோய் உட்டர்றேன்."

"திருப்பித்தான் அனுப்பப் போறேன். வேற பெட்டி குடுக்கிற வரைக்கும் ஷிப்பிங் ஏஜென்ட் ஆபீஸ்லயே போய் உக்காந்துக்கறேன், பாருங்க!"

இதை வாசலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். குடோன் வாசலில் நின்றிருந்த மேஸ்திரிக்கும் நன்றாகவே கேட்டது. சொன்னபடி நான் செய்யக்கூடியவள் என்று அவருக்குத் தெரியும். டிரைவர் திரும்பவும் கேபினுக்குள் ஏறிப் பாட்டுப் போட்டுக்கொண்டார். மேஸ்திரி உள்ளே போய்விட்டார்.

திருப்பி அனுப்புவதற்கும் காரணம் காட்ட வேண்டுமே! லோடு ஏற்றுகிற ஆள் ஒருவரைக் கூப்பிட்டேன். ஸ்டூல் போட்டு ஏறிக்கொண்டு, "கதவைச் சாத்துப்பா. நான் தட்டினா மட்டும் திற" என்றேன். அவர் சாத்தினார். கைப்பிடி திரும்பிப் பூட்டிக்கொள்கிற சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரம் கண்ணை மூடித் திறந்தேன். கூரை சுத்தம். முன்பக்கம் சுத்தம். இடது பக்கச் சுவரில், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு வெளிச்சம். எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! கையும் களவுமாகத் திருடனைப் பிடித்ததுபோல இருந்தது. நேரே போய்க் கதவைத் தட்டினேன்.

யாரும் திறக்கவில்லை. மறுபடி தட்டினேன். கையை மடக்கிக் குத்தினேன். செருப்பைக் கழற்றி அடித்தேன்.

வெளியே நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. குடோனுக்குள் ஓர் அட்டைப் பெட்டி அடுக்கு சரிந்துவிட, மேஸ்திரி போட்ட கூச்சலில் கதவைச் சாத்திய ஆள் அங்கே ஓடியிருக்கிறார். அதே நேரம் பக்கத்துக் கம்பெனி லாரி வெளியே வர வழியில்லாமல் ஹாரன் அடிக்க, வாட்ச்மேன் வந்து டிரெய்லர் கேபினைத் தட்டி வண்டியை எடுக்கச் சொல்லியிருக்கிறார். நான் பெட்டிக்குள் ஏறியதையே பார்க்காத டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். நான் அடித்த சத்தம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பக்கத்துக் கட்டடம் தகரம் அடிக்கிற பட்டறை. காலையிலிருந்து மாலைவரை அந்தத் தெருவே டமடமவென்றுதான் இருக்கும். அதில் என் செருப்புச் சத்தம் எம்மாத்திரம்?

பெட்டி குலுங்கி நகர்ந்தபோது விழுந்தேன். முட்டி சிராய்ந்தது. வண்டி எங்கெங்கோ திரும்பி, பட்டறைச் சத்தம் இன்னும் காதைப் பிளக்கிற ஓரிடத்தில் நின்றது. என்ஜின் அணைந்தது. இனி யாராவது வருவார்கள் என்று தைரியமாகத்தான் உட்கார்ந்தேன். யாரும் வரவில்லை. வெயில் ஏற ஏற இரும்பு சூடாகியது. கூரை தோசைக்கல் மாதிரி கொதித்தது. துப்பட்டாவால் துடைக்கத் துடைக்க வியர்வை வழிந்தது.

அப்போதுதான் காலையில் நான் போட்ட சத்தம் நினைவுக்கு வந்தது. திருப்பி அனுப்புவேன், ஏஜென்ட் ஆபீசில் போய் உட்காருவேன். அதை மேஸ்திரி நம்பியிருந்தால்? என்னைக் காணோம் என்று யாரும் தேட மாட்டார்கள். மேடம் சொன்னபடி கிளம்பிவிட்டார் என்றுதான் நினைப்பார்கள். வண்டி ஒயிட்ஃபீல்டு பக்கம் யார்டுக்குப் போகும். அங்கே காலிப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாடி மாதிரி அடுக்கி வைப்பார்கள். அடுத்த ஆர்டர் வரும்வரை ஒருவரும் திறக்க மாட்டார்கள். எத்தனை முறை பார்த்திருக்கிறேன் அந்த அடுக்கை! அதற்குள் நான் இருப்பதாக நினைத்துப் பார்த்தேன். பயந்தேன், நன்றாகவே பயந்தேன். விவேக் நகர் வீட்டில் காலையில் ஆட்டிய மாவை ஃப்ரிட்ஜில் வைக்காமல் வந்தது வேறு ஞாபகம் வந்தது. மகள் பள்ளியிலிருந்து வந்து பொங்கி வழிந்த மாவைப் பார்த்து, அம்மா எங்கே என்று தேடுவாள். அதை நினைத்துத்தான் முதலில் அழுகை வந்தது.

அழுதுகொண்டே ஓட்டையில் கண்ணை வைத்தேன். ஒரு ஸ்கூட்டர் தெரிந்தது. பின் சீட்டில் பெரிய சதுரப் பை. அதன்மேல் சாய்ந்தபடி, சாப்பாடு டெலிவரி செய்கிறவர் ஒருவர், டிரெய்லர் நிழலில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். வயது முப்பது இருக்கும். கத்தினேன். காதில் இயர்போன். தட்டினேன். பட்டறைக்காரர்கள் என்னைவிட நன்றாகத் தட்டினார்கள்.

தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவி, துப்பட்டா முனையை அதில் சுற்றி, ஓட்டை வழியே தள்ள ஆரம்பித்தேன். பளீர் மஞ்சள் துப்பட்டா. துரு விளிம்பில் மாட்டி மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போனது. பிறகு மறுமுனையை இங்கிருந்தே ஆட்டினேன்.

சட்டென்று அந்தப் பக்கம் யாரோ இழுத்தார்கள்.

நானும் விடவில்லை, இழுத்தேன். அவர் மறுபடி இழுத்தார். இரும்புச் சுவரை நடுவே வைத்துக்கொண்டு நாங்கள் கயிறு இழுக்கும் போட்டியே நடத்தினோம். பிறகு ஓட்டையில் வெளிச்சம் மறைந்து ஒரு குரல் வந்தது.

"யாரது? உள்ள யாரு?"

"தம்பி, உள்ளே மாட்டிக்கிட்டேன்பா. பின்னாடி கதவைத் திற."

"ஐயோ, ஆளு கீது! அக்கா, உன்னைக் கடத்திக்கினு போறாங்களா? போலீசுக்குப் போன் போடட்டா?"

"கடத்தலெல்லாம் இல்லப்பா. நானேதான் ஏறினேன்."

"நீயே ஏறுனியா? இன்னாத்துக்கு?"

"பெட்டியில ஓட்டை இருக்கான்னு பாக்க."

"கீதே அக்கா! இதோ, இங்கயே கீதே!"

அந்த நிலைமையிலும் எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "அது எனக்குத் தெரியும். முதல்ல போய்க் கதவைத் திற!" என்று அதட்டினேன். "சொல்ப இரு அக்கா, கொஞ்சம் இரு, வந்துட்டேன்" என்று குரல் நகர்ந்தது. அது பின்பக்கம் போய்ச் சேருவதற்குள் என்ஜின் உறுமியது. வண்டி கிளம்பிவிட்டது.

நான் பயந்ததுதான் நடந்திருந்தது. டிரைவர் மேஸ்திரிக்குப் போன் செய்து, "உள்ளே வரட்டுங்களா?" என்று கேட்டிருக்கிறார். மேஸ்திரி, "மேடம் வேற பெட்டி கேக்கப் போயிட்டாங்கப்பா, நீ யார்டுக்குப் போயிடு" என்று சொல்லிவிட்டார். கதவைச் சாத்திய ஆளோ, டிரைவர் என்னை இறக்கிவிட்டுத்தான் வண்டியை எடுத்திருப்பார் என்று நம்பிக்கொண்டு அட்டைப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்.

உள்ளே நான் துப்பட்டாவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். விட்டால் எல்லாம் போய்விடும் போலிருந்தது. வெளியே ஸ்கூட்டர் ஹாரன் விடாமல் அலறியது. முதலில் பின்னாலிருந்து, அப்புறம் பக்கத்திலிருந்து, அப்புறம் முன்னாலிருந்து. பிரேக் கிறீச்சிட்டது. நான் உருண்டு போய் முன்சுவரில் மோதினேன்.

"சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதாடா? குறுக்கே கொண்டாந்து நிறுத்தறே!" இது டிரைவர். அந்த அமைதியான மனிதர்தான்.

"உள்ள அக்கா கீறாங்கய்யா! கதவைத் திறய்யா!"

"காலிப் பெட்டியில எங்கிருந்துடா அக்கா வந்தாங்க? தண்ணி போட்டுட்டு வந்துட்டியா?"

"நான் சொன்னா நம்ப மாட்ட. வா, இந்தப் பக்கம் வந்து பாரு!"

காலடிச் சத்தம் கேட்டது. நான் இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி எழுந்து போய்த் துப்பட்டாவை வெடுக்வெடுக்கென்று இழுத்தேன். வெளியே பேச்சு நின்றது. அப்புறம் ஓடுகிற சத்தம்.

கதவு திறந்தது. கண் கூசியது. காற்று முகத்தில் அடித்தது. என்னைப் பார்த்த டிரைவர், "மேடம்… நீங்களா மேடம்…" என்று சொல்லி அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். அவரைத் திட்ட எனக்கு மனமே வரவில்லை. என்னை இறக்கிவிட்டு, தண்ணீர் பாட்டிலை நீட்டி, "குடிக்கா, மெதுவா குடி" என்றது அந்தத் தம்பிதான். இதே பெங்களூரில், ஒக்கலிபுரத்தில் பிறந்து வளர்ந்தவராம். ஒரு வாய் குடித்துவிட்டு, தெருவென்றும் பாராமல் அழுதேன்.

நடுவே தம்பியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. சாப்பாட்டுக்குக் காத்திருந்தவர். தம்பி எடுத்ததும் அந்தப் பக்கம் கத்தல். நான் போனைப் பிடுங்கினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, நடந்ததை ஆதியோடந்தமாகக் கன்னடத்தில் சொன்னேன். ஒரு பெண் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டதும், துப்பட்டாவைப் பார்த்து இவர் டிரெய்லரையே மறித்ததும், எல்லாம். கேட்டுவிட்டு ஆர்டர் போட்டவர் நக்கலாகச் சிரித்தார். நல்ல கதை என்றார். "நீவு யாரு? அவன அக்கனா?" என்று கேட்டார்.

"ஹௌது, அக்கனே" என்றேன். ஆமாம், அக்காதான்.

போன் வைக்கப்பட்டது. ஆர்டர் ரத்து. பையில் இருந்த பிரியாணியை நடைபாதையில் பிரித்து, மூன்று பேரும் அந்த டிரெய்லர் நிழலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். அதற்குப் பிறகு எத்தனையோ பிரியாணி சாப்பிட்டாயிற்று. அது மாதிரி அமையவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் டிரைவரிடம் சாக்பீஸ் வாங்கி, ஓட்டையைச் சுற்றிப் பெரிதாக வட்டம் போட்டேன். "இந்தப் பெட்டி வேண்டாம், திருப்பிக் கொண்டுபோங்க" என்றேன்.

டிரைவர் தயங்கினார். "உங்க உசுரைக் காப்பாத்துன ஓட்டைங்க மேடம்."

"காப்பாத்துச்சு. கும்பிட்டுக்கறேன். அதுக்காக என் ஊதுபத்தியை நனைய விட முடியுமா?"

தம்பி விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "அடுத்த தபா ஓட்டை பாக்கறப்போ சொல்லிட்டுப் போக்கா" என்று கிளம்பிவிட்டார். பெயரும் நம்பரும் வாங்க வேண்டும் என்று தோன்றியபோது ஸ்கூட்டர் முனை திரும்பிவிட்டிருந்தது.

மாலையில் வேறு பெட்டி வந்தது. மேஸ்திரி, "இன்னைக்கு நான் ஏறறேன் மேடம்" என்றார். அவர் முகத்தில் இருந்த குற்ற உணர்வைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் நான்தான் ஏறினேன். இன்று ஏறாவிட்டால் இனி எப்போதும் ஏற மாட்டேன் என்று எனக்குத் தெரியும். மேஸ்திரி கதவைச் சாத்திவிட்டு, அதை ஒட்டியே நின்றுகொண்டு, "இருக்கேன் மேடம்… இங்கேயேதான் இருக்கேன்" என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லை. முதல் தரமான பெட்டி. சரக்கு ஏறி, சீல் விழுந்து, கப்பலுக்கும் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தது.

இன்றும் பெட்டிக்குள் நான்தான் போகிறேன். ஆனால் கதவருகே ஒருவர் நின்று குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், நான் வெளியே வரும்வரை வண்டிச் சாவி என் கையில் இருக்க வேண்டும் என்பது இப்போது எங்கள் கம்பெனி வழக்கம். அந்த மஞ்சள் துப்பட்டாவின் முனையில் ஒட்டிய துருக்கறை எத்தனை துவைத்தும் போகவில்லை. மகள் தூக்கிப் போடச் சொல்கிறாள். இரும்புச் சுவரிலிருந்து ஒரு துணி முளைத்ததைப் பார்த்துவிட்டு, நமக்கென்ன என்று போகாமல், கைநீட்டி அதை இழுத்துப் பார்க்கிற ஒரு மனிதர் இந்த ஊரில் இருக்கிறார் என்பதற்கு என்னிடம் உள்ள ஒரே அத்தாட்சி அதுதான் என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறேன்.