ஐஸ் பெட்டியில் வந்த ரத்தம்

தர்மபுரியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் சேர்ந்த பிறகுதான் கவிப்பிரியாவுக்கு நுண்ணுயிரியல் பிடிபட்டது. ஏரியூர்ப் பெண், டிப்ளமோ படிப்பில் அந்தத் தாளை இரண்டாம் முறைதான் தேறினாள். சிலைடுக்குச் சாயமேற்ற இப்போது கை பழகிவிட்டது, வாய் பழகவில்லை. டாக்டர்களிடம் போனில் பேசுவது பொறுப்பாளர் நவநீதன் மட்டுமே. அது அவர் போட்ட சட்டம்.

அன்று அவர் ஊரில் இல்லை. மாதிரிகளைச் சேகரித்து வரும் முத்துராஜ், சுற்று முடித்து வந்து ஐஸ் பெட்டியைத் திறந்தார். செல்லியின் ரத்தம் இருந்த புட்டியைக் கவிப்பிரியா எடுத்தாள். விரல் சில்லிட்டது. செல்லி சித்தேரி மலைக்காரி, நர்சிங் ஹோமில் படுத்திருக்கிறாள், வாரக்கணக்கில் காய்ச்சல், எந்த மருந்தும் கேட்கவில்லை. ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்த்தால்தான் சரியான மருந்து தெரியும். குளிர் பட்டால் சில கிருமிகள் செத்துவிடும்.

"ஏண்ணா, இதப் போயி ஐஸ்ல வெச்சீங்க?"

"பின்ன? வெயில்ல கெட்டுப் போவாதா? பால் சொசைட்டில இருந்தப்ப ஒருநாளும் ஒரு கேனத் திரிய வுட்டதில்ல நானு. எனக்கே சொல்லித் தர்றியா?"

"இது பாலில்லைண்ணா. கிருமி உசுரோட இருக்கணும்."

"கிருமிக்குப் பரிஞ்சு பேசற ஆள இப்பத்தான் பாக்கறேன்."

அவள் சிரிக்கவில்லை. "அந்தம்மாவுக்கு ஊசி போட்டுட்டாங்களா?"

"மருந்து சேலத்துலருந்து பஸ்ல வருதாம். வந்ததும் போட்டுருவாங்க."

போட்டுவிட்டால் மறுபடி ரத்தம் எடுத்தும் கிருமி வளராமல் போகலாம். நவநீதனை அழைத்தாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் இல்லை. வேலை போய்விடும் என்ற நினைப்போடு நர்சிங் ஹோம் எண்ணை அழுத்தினாள்.

"நீ யாரும்மா?" என்றார் டாக்டர். "நவநீதன் இல்லையா?"

"கவிப்பிரியாங்க. டிரெய்னிங்ல இருக்கேன்." "புட்டி ஐஸ்ல வந்துருச்சுங்க. ஊசிக்கு முன்னாடி இன்னொரு தடவ ரத்தம் எடுக்கணுங்க."

மறுமுனையில் டாக்டர் யாரையோ கூப்பிடுவது கேட்டது: "சிஸ்டர், மருந்து கலக்கிட்டீங்களா? ஏத்தாதீங்க, இருங்க!"

முத்துராஜ் ஐஸைக் கொட்டிவிட்டு, புது ரத்தம் வாங்கிவர வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

மாலையில் ஊர் திரும்பிய நவநீதன், "யாரக் கேட்டுப் பேசுன?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினார். கவிப்பிரியா தலை நிமிரவில்லை; ஆனால் மன்னிப்பும் கேட்கவில்லை.

இரண்டாவது புட்டி மறுநாள் கிருமி வளர்ந்து கலங்கியது. மைக்ராஸ்கோப்பில் ஊதா உருண்டைகள் சங்கிலி சங்கிலியாகத் தெரிந்தன. எந்த மருந்துக்கு அவை அடங்கும் என்பதும் அடுத்துத் தெரிந்தது. டாக்டர் சேலத்து மருந்தை நிறுத்திவிட்டுப் பெனிசிலினுக்கு மாற்றினார். அந்த வார இறுதியில் செல்லிக்குக் காய்ச்சல் இறங்கியது.