பாலகணேஷ், சுவாதி நட்சத்திரம்

மந்தைவெளியில் எங்கள் அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில் லிஃப்ட் நிற்கும் சத்தம் கேட்டால் போதும், என் பக்கத்து வீட்டு சரோஜாதேவி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்து கதவைத் திறப்பார். பன்னிரண்டு வருடமாக இதுதான். அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் போன மகன் பாலகணேஷ் திரும்பவே இல்லை.

“எதிர் வீட்டுக்காரங்களா இருக்கும். கதவச் சாத்து!” என்று உள்ளேயிருந்து அவர் கணவர் துரைராஜ் கத்துவார். தி. நகரில் பாத்திரக்கடை வைத்திருந்த மனிதர், பேச்சும் பாத்திரம் உருட்டுகிற மாதிரிதான். விடிந்தும் விடியாமல் நடக்கப் போய், மஞ்சள் பையில் பால் பாக்கெட்டோடு திரும்புவார். எனக்கு அவரைக் கண்டாலே எரிச்சல்.

மாதாமாதம் சுவாதியன்று சாயங்காலம் சரோஜாதேவி கபாலி கோயிலில் மகன் பேருக்கு அர்ச்சனை செய்வார். செத்தவர்களுக்கு யாரும் அர்ச்சனை செய்வதில்லை, திதிதான் கொடுப்பார்கள். அவன் உயிரோடு இருக்கிறான் என்று சாமியிடம் சொல்லிவிட்டு வருவார், அவ்வளவுதான். துரைராஜோ, “பன்னெண்டு வருசம் ஆச்சு. வர்ற அமாவாசைக்குக் காரியத்த முடிச்சிரலாம்” என்று ஒற்றைக்காலில் நின்றார்.

இதற்கு நடுவில் என் வாய் சும்மா இருந்ததா? மே மாதம் ஒரு நாள் பொழுது சாயும் நேரம், மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது சரோஜாதேவி, “டீச்சர், சுவாதி எது?” என்று கேட்டார். கிழக்கே ஆரஞ்சு நிறத்தில் தெரிந்ததைக் காட்டினேன். முப்பது வருடம் அறிவியல் நடத்திய நாக்கு அதோடு நிற்குமா? வயதாகி உப்பிப்போன நட்சத்திரம், அதன் வெளிச்சம் இங்கே வந்து சேர முப்பத்தேழு வருடம் ஆகும் என்றெல்லாம் அளந்தேன்.

“அவனுக்கும் முப்பத்தேழுதான். அப்போ அவன் பொறந்தப்போ கிளம்புன வெளிச்சமா இது?”

“ஆமா.”

“இப்ப அது இருக்கா இல்லையான்னு இங்கேர்ந்து தெரியாதா?”

“தெரியாது சரோஜா.”

துணியை மடிக்காமலே கீழே போனார். மறுநாள் காரியத்துக்குச் சம்மதித்துவிட்டார். என் நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது.

கடைசியாக ஓர் அர்ச்சனை என்று, அந்த மாதச் சுவாதியன்று காலையிலேயே என்னையும் கூட்டிக்கொண்டு போனார். காலை முறைக் குருக்கள் தட்டை வாங்கினார்.

“பாலகணேஷ், சுவாதி நட்சத்திரம்.”

“இதே பேருக்கு இப்பத்தானேம்மா பண்ணேன்? மாசாமாசம் நடை தெறந்ததும் வந்துடுவாரே!”

சரோஜாதேவி பிடித்த பிடியில் என் வளையல் கையில் அழுந்தியது. “உயரமா? நெத்தியில தழும்பு இருக்கா சாமி?”

“இல்லம்மா, வயசானவர். கையில மஞ்சப் பை, பால் பாக்கெட்டு.”

வீட்டுக்கு வந்தோம். துரைராஜ் காரியத்துக்கான சாமான் பட்டியலோடு உட்கார்ந்திருந்தார். நெற்றியில் விபூதி.

“உங்களுக்கே நம்பிக்கை இருக்குன்னா எதுக்குங்க காரியம்?”

அவருக்குப் புரிந்துவிட்டது. “நீயாவது தூங்குவேன்னுதான் சரோஜா. போடான்னு சொன்னது நான்தானே” என்றார். அந்த முரட்டு மனிதர் அழுவதை அன்றுதான் பார்த்தேன். இத்தனை நாள் அவரைத் திட்டியதற்கு எனக்கே வெட்கமாக இருந்தது.

அப்போது லிஃப்ட் நின்றது. சரோஜாதேவி எழுவதற்குள் துரைராஜ் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார்.

எதிர் வீட்டுக்காரர்தான். துரைராஜ் கதவைச் சாத்தவில்லை.