கோத்திரம் இல்லாத கலம்

கண்ணபிரானை நல்ல பேச்சாளர் என்று திருப்பதியில் யாரும் சொல்லமாட்டார்கள். கோயில் கோஷ்டியில் பிரபந்தம் சேவிப்பார், குரல் சுமார்தான். ஆனால் சரணாகதியைப் பற்றி யாராவது கேட்டால், அதன் அங்கங்களில் ‘கார்ப்பண்யம்’ என்பதை மட்டும் தெளிவாக விளக்குவார். என் கையில் ஒன்றுமே இல்லை என்று உள்ளபடி உணர்வது. வெகுகாலமாக விளக்கிவந்தவருக்கு அது பொருள் தெரிந்த சொல்லாக மட்டும் இருந்தது.

ஒரே பெண் வஸுமதி அமெரிக்காவில் ஒரு விண்கலக் குழுவில் இருந்தாள். சூரியனிலிருந்து வீசும் காற்று எங்கே போய்த் தளர்ந்து நிற்கிறது என்று ஆராயும் கலம். அதற்காக அந்த எல்லைவரை போக வேண்டியதில்லையாம். அங்கிருந்து திரும்பி வரும் அணுக்களைப் பிடித்தால் போதுமாம். பிடிக்கிற கருவிகளில் ஒன்றுக்குத் தன் இளமை முழுவதையும் கொடுத்திருந்தாள். கலம் தன் இடத்துக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. அவளுடைய கருவியின் மூடிதான் திறக்கவில்லை.

ஒரு காலையில் ஃபோன் செய்தாள்.

“அப்பா, ஒரு அர்ச்சனை பண்றியா?”

பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குக்கூட அர்ச்சனை கூடாது என்று சண்டை போட்ட பெண்.

“உங்களால ஒண்ணும் பண்ண முடியாதாடீ?”

“சூடு பண்ணிப் பாத்தாச்சு, ஆட்டிப் பாத்தாச்சு. கையால தொட முடியாதேப்பா. இன்னிக்குக் கடைசியா ஒரு தடவை வெயில் பக்கம் திருப்பப் போறோம். திறக்கலேன்னா விட்டுடச் சொல்லி மேலே இருக்கறவா சொல்லிட்டா.”

தெருக்கோடிப் பெருமாள் கோயிலில் திரை போட்டிருந்தது. காத்திருந்தார். அர்ச்சகர் சடகோபன் திரையை விலக்கி வந்து விஷயத்தைக் கேட்டுக்கொண்டார்.

“ராக்கெட் விடறவா மலைக்கு வந்து சேவிச்சுட்டுப் போறதுதானே. நட்சத்திரம்?”

“கிளம்பின அன்னிக்குப் பூராடம்.”

“கோத்ரம்?”

கண்ணபிரான் விழித்தார்.

“தெரியாதவாளுக்குக் காச்யபம்னு சொல்லிடுவோம். இது பூமியையே விட்டுட்டுப் போயாச்சே, ஸ்வாமி. சந்நியாசிக்கு ஏது கோத்ரம்?” சிரித்தபடி தட்டை எடுத்துக்கொண்டார். “ஸரே, பேர் சொல்லுங்கோ.”

“வஸுமதி. சுவாதி. ஸ்ரீவத்ஸ கோத்ரம்.”

வாய் தானாகச் சொல்லிவிட்டது. சடகோபன் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் கேட்காமல் அந்தப் பேருக்கே அர்ச்சித்தார்.

மறுநாள் அவள் கூப்பிட்டாள். “திறக்கலைப்பா. விட்டுட்டோம்.”

பிறகு அவளே கேட்டாள்.

“அர்ச்சனை பண்ணினியோ?”

“பண்ணினேன்.”

“என்ன பேர்ல?”

“உன் பேர்லதாம்மா.”

“மாட்டிண்டது நான் இல்லியேப்பா” என்றாள். குரலில் கோபம் இல்லை. நம்பிக்கையே இல்லாதவள், தவறிப்போன ஒரு வாய்ப்பாக அதையும் எண்ணிக்கொண்டிருந்தாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. கார்ப்பண்யம் என்ற சொல் நாக்குவரை வந்தது. அதை இவளிடம் சொல்ல எந்த முகம்? விழுங்கிக்கொண்டார்.

“இனிமே அது என்ன ஆகும்?”

“கலத்தோடயே சுத்திண்டிருக்கும். மூடினபடிக்கு.”



அடுத்த நாள் காலை மறுபடி கோயிலுக்குப் போனார்.

“ஆயிடுத்தா, ஸ்வாமி?”

“ஆகலை. விட்டுட்டா.”

“அப்புறம் அர்ச்சனை எதுக்கு?”

“எதுக்கும் இல்லை. காச்யபம்னே வெச்சுடுங்கோ.”

பேர் கேட்டார் சடகோபன். கருவியின் பேர் வெறும் இங்கிலீஷ் எழுத்துகள். கண்ணபிரான் ஒவ்வொன்றாகச் சொன்னார். சடகோபனுக்கு அது வாயில் நுழையவில்லை. இன்னொரு தரம் கேட்டுக்கொண்டு உள்ளே போனார்.