ஆந்தை இருந்த பட்டமரம்

எங்கள் தெருவில் என் அத்தானுக்கு 'வன இலாகா' என்று பெயர். அக்காவைக் கட்டிய நாளிலிருந்து பஸ் டிப்போவில் எஞ்சின் பிரித்துக்கொண்டிருந்த மனிதர், ஓய்வு பெற்றதும் குடியிருப்புக்குப் பின்னால் ரயில் பாதை வரை கிடக்கும் பொதுக்காட்டுக்குப் பொறுப்பாளர் ஆனார். தேர்தல் எல்லாம் இல்லை. யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு வந்ததும் குடியிருப்புக் கமிட்டியில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். இவர் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், மாட்டிக்கொண்டார்.

நல்ல பெயர் கிடைக்காத வேலை அது. பாதையில் நீட்டும் கிளையை வெட்டினால் பறவை பார்க்க வருகிறவர்கள் சண்டைக்கு வருவார்கள். வெட்டாவிட்டால் நடக்க வருகிறவர்கள் கிழிந்த சட்டையைக் காட்டிக் கத்துவார்கள். ஓணானும் கீரியும் ஒண்டிக்கொள்ளட்டும் என்று அத்தான் விழுந்த கட்டைகளைக் குவித்து வைத்தால், குப்பை அள்ள ஆள் இல்லையா என்று கேட்பார்கள். அக்கா தன் பங்குக்கு, "வாசல்ல கிடக்கிற செருப்பை ஓரமா வைக்க மாட்டாரு, காட்டுல போய் கட்டை அடுக்குவாரு" என்பாள்.

வம்பு பட்டமரத்தால் வந்தது. பாதையை ஒட்டி நின்ற அந்த மரம் செத்து வெகுகாலம் ஆகிவிட்டது. அதன் பொந்தில் ஒரு ஜோடி ஆந்தை குடியிருந்தது. அவற்றுக்காகவே அத்தான் மரத்தடி பெஞ்சைப் பெயர்த்துத் தள்ளிப் போட்டு, பாதையையும் வளைத்துவிட்டிருந்தார். அப்படியும் ஒரு காற்றில் கிளை முறிந்து விழுந்ததும் கமிட்டித் தலைவரான பல் டாக்டர் பிடித்துக்கொண்டார்.

"செத்த மரத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? எடுத்துடலாம்."

"அதுல ஆந்தை இருக்குங்க. குஞ்சு வேற பொரிச்சிருக்கு."

"நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையே!"

அங்கேதான் அத்தான் சறுக்கினார். காட்டிவிட்டால் எல்லோர் வாயும் அடைத்துவிடும் என்று நினைத்தார். ஒரு சாயங்காலம் கமிட்டியையே கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். தாய் ஆந்தை எட்டிப் பார்த்தது. அன்றைக்குப் பல் டாக்டரே வாயைப் பிளந்தார். மரம் பிழைத்தது. அந்தச் சந்தோஷத்தில் அத்தான் அம்புக்குறி போட்டு ஒரு போர்டும் வைத்தார்: 'இங்கே ஆந்தைகள் வசிக்கின்றன. அமைதி காக்கவும்.'

ஊரே திரண்டது. பிள்ளைகளைத் தோளில் தூக்கிக் காட்டினார்கள். பொந்துக்குள் செல்போன் வெளிச்சம் அடித்தார்கள். பறப்பதைப் படம் எடுக்க ஒருவன் மரத்தைத் தட்டிக்கொண்டே இருந்தான். அத்தானால் யாரையும் திட்ட முடியவில்லை, அவர் அழைத்துத்தானே வந்தார்கள். போர்டைப் பிடுங்கி எறிந்தார். அதற்குள் வழி எல்லோருக்கும் பழகிவிட்டது. முதலில் பெரிய ஆந்தைகள் வருவது நின்றது. பிறகு குஞ்சுகளின் சத்தமும் நின்றது. ஏணி போட்டு ஏறிய அத்தான் இறங்கி வந்து கையைப் பேண்டில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். என்ன பார்த்தார் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் பல் டாக்டர் தன்மையாகத்தான் கேட்டார். "இப்ப அதுல ஒண்ணும் இல்லல்ல? அப்ப எடுத்துடலாமா?"

அத்தான் தலையாட்டினார். மரம் சாய்ந்தபோது கயிற்றைப் பிடித்திருந்தவரும் அவர்தான். டாக்டர் மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அவர் மேல் தப்பே இல்லை என்பதில் ஆத்திரம் இன்னும் கூடுகிறது.

இப்போதும் அத்தான் தினமும் காட்டுக்குப் போகிறார். கிளை வெட்டுகிறார், பாதை கூட்டுகிறார். இங்கே என்னென்ன இருக்கிறது என்று யாராவது ஆசையாகக் கேட்டால், "மரம் இருக்கு" என்கிறார். சிரிப்பெல்லாம் போய்விட்டது. போன வாரம் ரயில் பாதைப் பக்கம் ஒற்றையடிப் பாதையில் முள்ளை வெட்டிப்போட்டு அடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே இன்னொரு பட்டமரம் நிற்பது எனக்குத் தெரியும்.

"ஆந்தை வந்திருக்கா அத்தான்?"

"தெரியல மாப்ளே."

"போய் எட்டிப் பார்க்கறதுதானே?"

கடைசி முள்கொத்தையும் இழுத்துப் போட்டார்.

"நான் நடந்தாலும் தடம் விழும். தடத்தைப் பார்த்தா நாலு பேர் வருவாங்க. வா, வீட்டுக்குப் போலாம்."

ஆந்தை என்றால் அவருக்கு உயிர். அந்தக் காட்டில் அவர் கால் வைக்காத இடம் இப்போது அது ஒன்றுதான்.