அண்ணன் கிட்டாரில் பச்சைத் தங்கூஸ்

இரும்புக் கம்பி மூன்றையும் அவிழ்த்துக் கீழே வைத்த பிறகுதான் எனக்கு மூச்சு சீராக வந்தது. பாதிக் கண்டம் தாண்டிவிட்டோம் என்று நினைத்தேன். மீதிப் பாதி, அண்ணன் வந்து பார்ப்பது.

கிட்டார் அண்ணனுடையது. கப்பலில் வேலை பார்த்தான். ஏதோ ஒரு துறைமுகத்தில் பழையதாக வாங்கியது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் லீவில் வந்தபோது வாசிக்கச் சொல்லிக்கொடுத்து, "சும்மா கெடந்தா கெட்டுப்போவும், நீ வாசி" என்று என்னிடம் விட்டுப் போனான். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். வீட்டில் தையல் மிஷின் மிதித்துக்கொண்டிருந்தேன். சர்ச்சில் பாடகர் குழுவோடு வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் நானும் ஒரு ஆள் என்று எனக்கே தோன்றியது. அதனால் அந்தக் கிட்டாருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று ஓயாத பயம். மழை பெய்தால் பயம், உப்புக்காற்று அடித்தால் பயம்.

சர்ச்சில் அறுவடைக்கு நன்றி சொல்கிற அறுப்பின் பண்டிகைக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு நரம்பு அறுந்தது. கிட்டாரில் ஆறு நரம்பு. தடித்த மூன்றும் வெள்ளிச் சுற்றுப் போட்டவை, அவற்றுக்கு ஒன்றுமில்லை. மெல்லிய மூன்றும் வெறும் நைலான். ஒன்று அறுந்தபோது மற்ற இரண்டும் நைந்துபோயிருப்பதைப் பார்த்தேன். வாத்தியக் கடையில் இரும்புக் கம்பிதான் இருந்தது.

"எல்லாம் ஒண்ணுதாம்மா. இது இன்னும் கணீர்னு கேக்கும்" என்றார் கடைக்காரர்.

மாட்டினேன். தகரத்தைத் தட்டினதுபோல் கேட்டது. மூன்றாவது கம்பியை முறுக்கி ஏற்றும்போது கிட்டாருக்குள்ளிருந்து 'கிறீச்' என்று ஒரு சத்தம் வேறு. கம்பிகளின் அடிமுனையைக் கட்டுகிற மரக்கட்டைக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன். கட்டைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு கீறல். தையல் நூலை நுழைத்துப் பார்த்தேன், நுழைந்தது. இரும்பின் இழுவையில் கட்டை பெயர்கிறது என்று புரிந்து உடனே அவிழ்த்துவிட்டேன். முந்தின நாள்தான் கடிதம் வந்திருந்தது: அண்ணன் பம்பாயில் கப்பலை விட்டு இறங்கிவிட்டான், பண்டிகைக்கு முந்தின நாள் வீட்டுக்கு வருகிறான்.

இரும்பும் கூடாது, நைலானும் கிடைக்காது. அறுந்த துண்டை விரலில் உருட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தவள், ஜன்னல் திரையைப் பார்த்தேன். எங்கள் ஊரில் திரை தொங்குவதெல்லாம் தங்கூஸில்தான். தூண்டிலுக்குப் போடுகிற நைலான். தொட்டுப் பார்த்தால் இதே வழவழப்பு.

பீச் ரோட்டில் ஒரு வலைக்கடைக்குப் போனேன்.

"எந்த மீனுக்கும்மா?" என்றார் கடைக்கார அண்ணாச்சி.

"மீனுக்கு இல்ல அண்ணாச்சி, கிட்டாருக்கு."

தூண்டில் முள் பொறுக்கிக்கொண்டிருந்த மீன்காரர் ஒருவர் நிமிர்ந்தார். "நல்லதாப் போச்சு. இனி மீனு பாட்டுக் கேட்டுத் தானா கரைக்கு வந்துரும்."

"ஏலே, நீ பாடாம இருந்தாச் சரி. இருக்கிற மீனும் ஓடிரும்" என்றார் அண்ணாச்சி.

தடிமன் பார்ப்பது எனக்குக் கஷ்டமில்லை. நூலைத் தொட்டே நம்பர் சொல்கிற விரல். பழைய துண்டையும் புதியதையும் சேர்த்து உருட்டி, முதல் இரண்டு நரம்புக்கும் உடனே எடுத்துவிட்டேன். மூன்றாவதுதான் இழுத்தடித்தது. அந்தத் தடிமனில் வெள்ளையில் ஒன்று, பச்சையில் ஒன்று. ஒரு முனையை மீன்காரர் வாசலில் நின்று இழுத்துப் பிடித்தார். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நான் சுண்டினேன். வெள்ளை அதிரும்போது நாலைந்து கோடாகக் கலங்கித் தெரிந்தது. பச்சை அதிரும்போது இரண்டே கோடு, கத்தியால் வெட்டினாற்போல. நெடுகத் தடிமன் சீராக இருந்தால்தான் அப்படித் தெரியும்.

"வெள்ளைய விட்டுரும்மா. கையில முண்டு முண்டா உரசுது" என்றார் மீன்காரர். இப்போது அவரும் கேலியை விட்டுவிட்டார். "முடிச்சு வழுக்கும். முனையைத் தீயில காட்டி உருட்டி விடு, நிக்கும்."

வெள்ளை போட்டால் அண்ணனுக்குத் தெரியாது. பச்சை போட்டால் வாசலிலிருந்தே தெரியும். நல்லதென்று தெரிந்ததை விட்டுவிட்டு மட்டமானதை மாட்ட மனசு வரவில்லை. பச்சையையே வாங்கினேன்.

தங்கூஸ் முதல் மூன்று நாள் பாடாய்ப் படுத்தியது. காலையில் ஏற்றினால் மத்தியானம் சுருதி இறங்கிக் கிடக்கும். ஏற்றிக்கொண்டே இருந்தேன். கீறல் பெரிதாகவில்லை. ஏழாம் நாள் சுருதி அசையாமல் நின்றது.

அண்ணன் சனிக்கிழமை மத்தியானம் வந்தான். பெட்டியைக்கூட உள்ளே வைக்கவில்லை.

"ஏளா, இது என்ன பச்சைப் பாம்பு?"

நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். இரும்பு, சத்தம், வலைக்கடை. கடைசியில், "கட்டை பெயந்துட்டுண்ணே."

அவன் குனிந்து பார்த்தான். "இந்தக் கீறலா? இது நான் வாங்கும்போதே இருந்துச்சே. இதைக் காட்டித்தான் சல்லிசா வாங்கினேன்."

இரண்டு வருஷம் தினமும் துடைத்திருக்கிறேன். ஒரு நாளும் கண்ணில் பட்டதில்லை.

"அப்ப அந்தச் சத்தம்?"

"அது நெசமாத்தான் இருக்கும். இன்னும் ரெண்டு நாள் இரும்பு கெடந்திருந்தா கட்டை தனியா கையில வந்திருக்கும். நீ பயந்தாங்கொள்ளியா இருந்ததுல இன்னைக்குத்தான் ஒரு லாபம்."

அம்மா உள்ளேயிருந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

சிங்கப்பூரில் வாங்கிய புது நரம்பு பாக்கெட்டை அவன் பையிலிருந்து எடுத்தான். முதல் நரம்பை மாற்றி வாசித்துக் காட்டினான். தங்கூஸைவிட இனிமைதான், இல்லையென்று சொல்ல முடியாது. மூன்றாவதை மாற்றினான். பஞ்சு அடைத்ததுபோல் இருந்தது. பச்சையைத் திரும்ப மாட்டினான்.

"இது நல்லாருக்குளா. முதல் ரெண்டும் புதுசு, இது மட்டும் இருக்கட்டும்."

"நாளைக்குள்ள புதுசு இழுபட்டுச் சுருதி நின்னுருமா?"

"எங்க? நாலு நாள் ஆவும்."

"அப்ப அதையும் கழத்துண்ணே. என் தங்கூஸையே போடு."

"சிங்கப்பூர் சாமானை வேண்டாம்னு சொல்லிட்டு மீன் நரம்பு கேக்குத ஒரே ஆளு நீதான்" என்று முனகிக்கொண்டே கழற்றினான்.

மறுநாள் பண்டிகை ஆராதனை இரண்டரை மணி நேரம் நடந்தது. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே ஒரு தடவைகூட நரம்பை முறுக்குகிற சாவியைத் தொட வேண்டி வரவில்லை.