அலமாரிக்குப் பின்னாலிருந்த சுவர்

ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆன பிறகும் தெருவில் அவளைச் சூப்பர்வைசரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். பெரிய ஓட்டல் ஒன்றில் அறைகளைத் தயார் செய்யும் பிரிவுக்கு மேற்பார்வையாளராக இருந்தவள். விருந்தாளி கதவைத் திறக்கும் நொடியில் ஒரு குறையும் அவர் கண்ணில் படக்கூடாது. அவள் கற்ற தொழில் அவ்வளவுதான். சுவரில் கறை போகவில்லையா, அந்த இடத்தில் ஒரு படத்தை மாட்டு. கம்பளத்தில் சிகரெட் சுட்ட ஓட்டையா, நாற்காலியை அதன்மேல் நகர்த்து. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் கிடைக்காதபடி பூசி மெழுகுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை.

கல்யாணம் அவளுக்கு அமையவில்லை. அப்பாவையும் அம்மாவையும் கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொண்டாள். அவர்கள் போன பிறகு வீடு அவளுக்கும் தம்பிக்கும் சரிபாதி என்றாயிற்று. தம்பி குடும்பத்தோடு தூரத்து ஊரில் இருந்தான். வேலை விஷயமாக எப்போதாவது இந்தப் பக்கம் வந்தால் ஓட்டலில் தங்குவான். “உனக்கு எதுக்குக்கா வீண் சிரமம்?” என்பான். அவனுடைய பழைய அறையிலோ, கட்டிலில் சுருக்கமில்லாத விரிப்பு, தலைமாட்டில் மடித்த துண்டு, மேசைமேல் மூடி போட்ட தண்ணீர்க் குடுவை என்று எல்லாம் எந்நேரமும் தயாராக இருந்தன. அவள் வேலை பார்த்த ஓட்டலில் எந்த அறையும் இவ்வளவு காலம் ஆள் வராமல் தயாராகக் கிடந்ததில்லை.

ஒருநாள் தம்பி போன் செய்தான்.

“அக்கா, இங்க ஒரு ஃப்ளாட் பாத்திருக்கேன். வீட்டுல என் பாதியை நீயே எடுத்துக்கறியா, இல்ல வித்துடலாமா?”

“வித்துட்டு நான் எங்கடா போறது?”

“அதனாலதான் கேக்கறேன். நீயே ஒரு வேல்யூவரைப் பிடி. அவர் என்ன மதிப்புப் போடறாரோ அதுல பாதி எனக்குக் குடு. நானும் பேரம் பேச மாட்டேன், நீயும் பேசாத. நமக்குள்ள எதுக்கு அதெல்லாம்?”

நியாயமான பேச்சு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவளிடம் இருந்தது ஓய்வுப் பணமும் சிறுகச் சிறுகச் சேர்த்ததும். மதிப்பு ஓர் அளவுக்குள் நின்றால் வீடு அவளுடையது. அந்த அளவைத் தாண்டினால், இந்த வயதில் மூட்டை கட்டிக்கொண்டு வாடகை அறை தேட வேண்டும்.

வங்கியில் இரண்டு பேருடைய எண்களைக் கொடுத்தார்கள். முதல் ஆள் போனை எடுத்ததும், “எவ்வளவு வேணும் மேடம்?” என்றார்.

“என்ன எவ்வளவு?”

“மதிப்புதான். லோனுக்குன்னா ஏத்திப் போடலாம், பாகப்பிரிவினைன்னா இறக்கிப் போடலாம். சொன்னீங்கன்னா சாயந்திரமே ரிப்போர்ட் ரெடி.”

“வீட்டை வந்து பாக்க வேண்டாமா?”

“எதுக்கு மேடம் அலைச்சல்? நாலு போட்டோ அனுப்புங்க, போதும்.”

சுட்டுக்கொண்டவள்போலப் போனை வைத்தாள். இரண்டாவது ஆள் நிதானமாகப் பேசினார். “என்ன மதிப்பு வரும்னு இப்பவே கேக்காதீங்கம்மா. ஒவ்வொரு ரூமா அளந்து பாக்கணும். நேரம் ஆகும், பரவாயில்லையா?” நேரம் ஆகும் என்று அவர் சொன்னது அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அவரையே வரச் சொன்னாள்.

எதிர்வீட்டுத் தையல்காரிக்கு விஷயம் எட்டிவிட்டது. “சூப்பர்வைசரம்மா, அந்த ஆள் வர்ற வரைக்கும் வீட்டைப் பெருக்காதீங்க. ஒட்டடை தொங்கட்டும். மதிப்பு தானா இறங்கும்.”

“என் தம்பியை ஏமாத்தச் சொல்றியா?”

“ஏமாத்த எங்க சொன்னேன்? சும்மா இருங்கன்னுதான் சொல்றேன். ஆனா அது மட்டும் உங்களுக்கு வராதே!” என்று ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டே சிரித்தாள்.

தையல்காரி சொன்னபடிதான் ஆயிற்று. வீட்டுக்கு ஒரு மனுஷர் வருகிறார், அதுவும் எல்லா அறைக்குள்ளும் வரப்போகிறார் என்றதும் சூப்பர்வைசரம்மாவுக்குக் கையும் காலும் ஓரிடத்தில் நிற்கவில்லை. தரையைத் தேய்த்தாள். ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். திரைச்சீலைகளைத் துவைத்து இஸ்திரி போட்டாள்.

மதிப்பீட்டாளர் ஒல்லியான மனிதர். கைக்கு அடக்கமான கருவி ஒன்றை அழுத்தினால் எதிர்ச்சுவரில் சிவப்புப் புள்ளி விழுந்தது. நீளம் தெரிந்தவுடன் குறித்துக்கொண்டார். விருந்தாளிக்கு அறை காட்டுகிற பாவனையில் அவள் முன்னால் நடந்தாள். “இந்த ஜன்னலைத் திறந்தா காத்து பிச்சுக்கிட்டு வரும் சார். இந்தக் கதவைப் பாருங்க, ஒரு சத்தம் போடாது.”

கடைசியாகத் தம்பியின் அறை. குளியலறையை ஒட்டிய அந்தச் சுவர் முழுக்க ஈரம். உள்ளே எங்கோ குழாய் கசிந்து, வருடக்கணக்காக ஊறிக்கொண்டிருந்தது. ஓட்டல் ஆட்கள் இருவரை வரவழைத்துப் பெரிய மர அலமாரியை நகர்த்தி அதை எப்போதோ மறைத்திருந்தாள்.

“எங்கயாவது கசிவு, ஈரம், விரிசல் இருக்காம்மா?”

“அதெல்லாம் ஒண்ணும் கிடையாது சார்.” யோசிக்கும் முன்பே நாக்கு முந்திக்கொண்டது.

மடித்த துண்டை அவர் பார்த்தார். “இது யாரோட ரூம்?”

“தம்பியோடது.”

“வெளிய போயிருக்காரா?”

“ஆமா சார். வெளியூர்.”

அவரும் அவளும் டீ குடித்தார்கள். இன்னொரு கப் என்றாள், அவர் மறுக்கவில்லை. அவர் போன பிறகு இரண்டு கப்புகளையும் கழுவிக் கவிழ்த்தபோது, தன் வீட்டில் இரண்டு கப்புகளைச் சேர்த்துக் கழுவி எத்தனை காலம் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

அறிக்கை வந்தது. ‘பராமரிப்பு: மிக நன்று’ என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். வேலையில் இருந்த காலம் முழுவதும் ஒருவரும் அவளைப் பற்றி இப்படி எழுத்தில் கொடுத்ததில்லை. அப்புறம்தான் அடியில் இருந்த தொகைக்கு வந்தாள். அதில் பாதி, அவள் நீட்டிய கைக்குச் சற்று மேலே நின்றது. இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தால் எட்டிப் பிடித்திருப்பாள்.

தம்பியின் அறைக்குப் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அலமாரிக்குப் பின்னாலிருந்து ஈர வாடை வந்தது. எழுந்து போய்ப் போனை எடுத்தாள்.

“சார், உங்ககிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன்.”

“பத்திரத்துல வில்லங்கமாம்மா?”

“இல்ல சார். சுவத்துல.” ஒன்று விடாமல் சொன்னாள்.

மறுமுனையில் அவருக்கு ஆச்சரியம். “மதிப்பு ஏறணும்னு மறைக்கிறவங்களைத்தான் பாத்திருக்கேன். உங்களுக்கு இறங்கினாத்தானே நல்லது? எதுக்கும்மா மறைச்சீங்க?”

“நீங்க வீட்டுக்கு வர்றீங்களேன்னுதான் சார்.”

அவர் மறுபடியும் வந்தார். அலமாரியை ஒருவர் தனியாக அசைக்க முடியாது. “அந்தப் பக்கம் நீங்க பிடிங்கம்மா. மெதுவா, ஒண்ணு, ரெண்டு…” எதிர்முனையில் இன்னொரு ஆளின் பலம் மரத்தின் வழியாக அவள் கைக்கு வந்து சேர்ந்தது. ஓட்டலில் விரிப்பின் மறுநுனியை யாராவது இழுத்துப் பிடிப்பார்களே, அந்த மாதிரி.

சுவர் கருத்து, உப்பிப் போயிருந்தது. விரல் முட்டியால் தட்டினார். பொத்தென்று சத்தம் வந்தது. மேலே அண்ணாந்து டார்ச் அடித்தார். “ஈரம் கூரைக்கும் ஏறிடுச்சு. உள்ள கம்பி துருப்பிடிச்சிருக்கு. இது சின்ன வேலை இல்லம்மா. ஆகுற செலவைக் கழிச்சுத்தான் எழுதணும். ரிப்போர்ட் உங்க தம்பிக்கும் போகும். அவருக்கு இது தெரியுமா?”

“தெரியாது சார். அவன் வந்தா இந்த ரூம்லதானே படுக்கணும், பாத்தா மனசு கஷ்டப்படுமேன்னு…” சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். அவரும் டார்ச்சை அணைத்துவிட்டுக் குறிப்பெழுதுவதில் இறங்கினார்.

கிளம்பும்போது சொன்னார். “முதல்ல குழாயை மாத்துங்க. அலமாரியைத் திரும்ப ஒட்டி வைக்காதீங்க. சுவர் காத்து வாங்கட்டும்.”

திருத்திய அறிக்கையைப் பார்த்துத் தம்பி கூப்பிட்டான். “ஏன்க்கா இவ்வளவு நாள் வாயே திறக்கல? சரி விடு. இந்த மதிப்பே இருக்கட்டும். வீட்டை நீயே வச்சுக்க.”

வீடு அவள் கைக்கு எட்டிவிட்டது. அதன் பிறகு பத்திரம், நகல், கையெழுத்து என்று தம்பி அடிக்கடி போன் செய்தான். இத்தனை வருடங்களில் அவன் குரலை அவள் இவ்வளவு கேட்டதில்லை. ஒவ்வொரு காகிதம் முடியும்போதும் அடுத்த காகிதம் என்ன என்று அவளே கேட்டாள். குழாயையும் மாற்றியாயிற்று. அறையின் நடுவே அலமாரி நின்றது. அதைச் சுற்றிக்கொண்டுதான் கட்டிலுக்குப் போய் விரிப்பை மாற்றினாள்.

பதிவு நாளில் தம்பி வந்தான். கையெழுத்துப் போட்டுவிட்டு அக்காவை வீடுவரை கொண்டுவந்து விட்டான். வாசலில் வாடகைக் கார் காத்திருந்தது. “ஒரு டீ மட்டும் குடிச்சிட்டுப் போடா” என்றதற்கு, நின்றபடியே குடித்தான். பிறகு, என்ன தோன்றியதோ, தன் பழைய அறையை எட்டிப் பார்த்தான்.

“என்னக்கா, அலமாரி நடு ரூம்ல நிக்குது? போற வர்ற வழியில இடிச்சுக்க மாட்டியா?”

“பழகிடுச்சுடா.”

“வா, ரெண்டு பேரும் சேர்ந்து தள்ளிடுவோம். ஒரு நிமிஷ வேலை.” சட்டைக் கையை மடித்தான்.

அன்று காலைதான் அவள் அந்தச் சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்திருந்தாள். துளி ஈரமில்லாமல் காய்ந்திருந்தது.

“வேண்டாம்டா, இன்னும் ஈரம் இருக்கு” என்று சொல்லி, சுவருக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள். “நல்லாக் காயட்டும். அடுத்த தடவை வருவியே, அப்போ சேர்ந்து தள்ளிக்கலாம்.”

“சரிக்கா” என்று அவன் மடித்த கையை இறக்கிவிட்டுக்கொண்டான். வெளியே டிரைவர் ஒருமுறை ஹாரன் அடித்தார்.